ரத்தப் பரிசோதனைக்கு எத்தனை மணி நேரம் பட்டினி? முழுமையான வழிகாட்டி

"நேத்து மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட்டதுதான் தம்பி. ராத்திரி ஒண்ணும் தொடல. பச்சத் தண்ணிகூடப் பல்லுல படல."

சட்டைக் கையை மடித்துவிட்டபடியே அந்த ஐயா இதைச் சொன்னபோது குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. மணி காலை பதினொன்று. கணக்குப் போட்டேன்: 22 மணி நேரம். டாக்டர் கேட்டது எட்டு முதல் பன்னிரண்டு.

மாலையில் ரிப்போர்ட் வந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 91. மொத்த பிலிருபின் 2.3. யூரிக் ஆசிட் 8.2. சிறுநீரில், கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் இரண்டு பிளஸ். பிலிருபினைப் பார்த்த உறவினர் ஒருவர் மஞ்சள் காமாலை என்று சொல்லிவிட, வீட்டில் கீழாநெல்லி அரைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆறு நாள் கழித்து, முந்தின இரவு ஒன்பது மணிக்குச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு காலை ஏழரைக்கு வந்து மறுபடி ரத்தம் கொடுத்தார். பிலிருபின் 1.1. யூரிக் ஆசிட் 6.6. கீட்டோன் இல்லை. சர்க்கரை மட்டும் 112.

முதல் ரிப்போர்ட் இல்லாத காமாலையைக் காட்டியது, இருந்த சர்க்கரைத் தொந்தரவை மறைத்தது. லேபில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருக்கும் எனக்கு, சாப்பிட்டுவிட்டு வருபவர்களால் தலைவலி குறைவு. அவர்கள் ஒப்புக்கொள்வார்கள், நாளை வாருங்கள் என்று அனுப்பிவிடலாம். அளவுக்கு மீறிப் பட்டினி கிடந்து வருபவர்களை நாம் கேட்டால் ஒழியத் தெரியாது. பல லேப்களில் கேட்பதும் இல்லை. கீழே உள்ள வரிசையை அப்படியே பின்பற்றினால் இந்தச் சிக்கல் வராது.

1. முதலில் சீட்டைப் படியுங்கள்

ரத்தப் பரிசோதனை என்றாலே வெறும் வயிறு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. மூன்று மாதச் சர்க்கரை எனப்படும் ஹெச்பிஏ1சி, ஹீமோகுளோபின் உள்ளிட்ட முழு ரத்த எண்ணிக்கை, தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச்., சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், வைட்டமின் டி, பி12 ஆகியவற்றுக்குப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

கட்டாயம் தேவைப்படுவது வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கும், அதோடு சேர்த்து எழுதப்படும் இன்சுலின் அளவுக்கும்தான். சர்க்கரைக்குக் குறைந்தது 8 மணி நேரம்.

கொழுப்பு டெஸ்டில் இரண்டு வழக்கம் உண்டு. பழைய முறைப்படி 9 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு. 2016இல் ஐரோப்பிய வல்லுநர்கள் கூடி, வழக்கமான கொழுப்புச் சோதனைக்குச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் போதும், டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு வகை மிக அதிகமாக வந்தால் மட்டும் வெறும் வயிற்றில் மறுபடி பார்க்கலாம் என்று பரிந்துரைத்தார்கள். நம் ஊரில் பெரும்பாலான டாக்டர்கள் இன்னும் வெறும் வயிற்றில்தான் கேட்கிறார்கள். அதற்குக் காரணமும் உண்டு. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல்.லைப் பல லேப்கள் நேரடியாக அளப்பதில்லை. மொத்தக் கொழுப்பிலிருந்து நல்ல கொழுப்பான ஹெச்.டி.எல்.லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துக் கணக்கிடுகிறார்கள். டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கே செல்லாது.

ஆகவே சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு லேபுக்குப் போன் செய்து, "இதில் எதற்கு வெறும் வயிறு, எத்தனை மணி நேரம்" என்று கேளுங்கள். "சாப்பிடாம வாங்க" என்ற பதிலோடு போனை வைத்துவிடாதீர்கள். மணிக்கணக்கைக் கேட்டு வாங்குங்கள். ஹெச்பிஏ1சி மட்டும் எழுதியிருந்தால் இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம்.

கர்ப்பிணிகளுக்குத் தனியாக ஒன்று. தமிழ்நாட்டு அரசு சுகாதார நிலையங்களில் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து, 140க்கு மேல் இருக்கிறதா என்று பார்க்கிறார்களே, அந்தச் சோதனைக்கு வெறும் வயிறு வேண்டாம். கடைசியாகச் சாப்பிட்டது எப்போது என்றே பார்ப்பதில்லை. "டெஸ்ட் இருக்கு" என்று மருமகளுக்குக் காலை ஆகாரம் கொடுக்காமல் அழைத்து வரும் மாமியார்களை வாரம் ஒரு முறையாவது பார்க்கிறேன். கர்ப்ப காலத்தில் உடம்பு மற்றவர்களைவிடச் சீக்கிரமே கொழுப்பை எரிக்கத் தொடங்கிவிடும். கீட்டோனும் சீக்கிரம் ஏறும்.

2. ஊசி குத்தும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு இங்கேதான். எப்போது சாப்பிட்டோமோ அதுவே தொடக்கம், லேபுக்கு எப்போது போய்ச் சேர்கிறோமோ அதுவே முடிவு என்று விட்டுவிடுகிறார்கள். மாலை ஆறரைக்கு இரண்டு தோசை. காலையில் வீட்டு வேலை, பேருந்து, டோக்கன், வரிசை. ஊசி குத்தும்போது மணி பத்தரை. 16 மணி நேரம் ஓடியிருக்கும்.

தலைகீழாகச் செய்யுங்கள். ரத்தம் எடுக்கும் நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். காலை 7 முதல் 9 மணிக்குள் இருந்தால் நல்லது. 7.30 என்று வைத்துக்கொண்டால், சர்க்கரைக்கு மட்டும் இரவு 9.30க்குக் கடைசி வாய். கொழுப்பும் சேர்ந்திருந்தால் 8 மணி. சாப்பிடத் தொடங்கிய நேரம் கணக்கில் வராது, முடித்த நேரம்தான். சாப்பிட்டபின் குடித்த பாலும், கடித்த வாழைப்பழமும் சேர்த்தி.

ஏன் 8? சாப்பாட்டிலிருந்து வந்த சர்க்கரை செரித்து, உயர்ந்த இன்சுலின் தன் அடி அளவுக்கு இறங்க அவ்வளவு நேரம் போதும். ஏன் 12? சாப்பாட்டிலிருந்து வந்த கொழுப்புத் துகள்கள் ரத்தத்திலிருந்து முழுதாக வெளியேற இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும். ஏன் 14ஐத் தாண்டக் கூடாது? இதைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை. கல்லீரலில் சேமித்து வைத்த சர்க்கரை குறையக் குறைய, உடம்பு கொழுப்பை உடைத்துப் பிழைக்கும் முறைக்கு மாறுகிறது. ஒரு நாள் பட்டினியில் அந்தச் சேமிப்பு ஏறக்குறைய தீர்ந்துவிடும். ரிப்போர்ட்டில் வலப்பக்கம் அச்சிட்டிருக்கிறார்களே சரியான அளவு என்று, அது ஓர் இரவு மட்டும் சாப்பிடாமல் காலையில் ரத்தம் கொடுத்தவர்களுக்கானது. 20 மணி நேரம் பட்டினி கிடந்தவரின் எண்ணை அதோடு ஒப்பிடுவது, ஓடி வந்தவனின் நாடித்துடிப்பை உட்கார்ந்திருப்பவனோடு ஒப்பிடுவது மாதிரி.

மருத்துவ முகாம்களில் கூடுதல் கவனம் தேவை. ஏழு மணிக்கு என்று நோட்டீஸ் அடிப்பார்கள். சிறப்பு விருந்தினர் ஒன்பதரைக்கு வருவார். பொன்னாடை முடிந்து ஊசி எடுக்கும்போது பத்தரை ஆகிவிடும். முகாமுக்குப் போவதாக இருந்தால் இரவுச் சாப்பாட்டை ஒன்பதரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தாமதமானாலும் 13 மணி நேரத்துக்குள் அடங்கும்.

3. முந்தைய மூன்று நாள் வழக்கம்போலச் சாப்பிடுங்கள்

டெஸ்ட் எழுதிக் கொடுத்த அன்றே சோற்றை நிறுத்திவிட்டு, கோதுமைக் கஞ்சியும் வெள்ளரிக்காயுமாக நாலு நாள் ஓட்டிவிட்டு வருபவர்கள் உண்டு. ரிப்போர்ட் நன்றாக வர வேண்டுமாம். டாக்டர் மாத்திரை அளவைத் தீர்மானிப்பது நீங்கள் அன்றாடம் வாழும் உடம்பைப் பார்த்து. நாலு நாள் விருந்தாளி உடம்பைக் காட்டினால் மாத்திரை குறையும், அதற்குப் பிறகு சர்க்கரை ஏறும். ஹெச்பிஏ1சி எப்படியும் இரண்டு மூன்று மாதக் கதையைச் சொல்லிவிடும்.

குளுக்கோஸ் குடித்துவிட்டுச் செய்யும் சோதனை என்றால் இது இன்னும் முக்கியம். மூன்று நாளாவது தினம் 150 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும் என்பது அந்தச் சோதனையின் விதி. சோறு, இட்லி, தோசை சாப்பிடுகிறவர்களுக்கு இது தானாகவே நடந்துவிடும். மாவுச்சத்தைத் தவிர்க்கும் பேலியோ உணவுமுறையில் இருப்பவர்களும் நாள் கணக்கில் பட்டினி இருந்தவர்களும் திடீரென 75 கிராம் குளுக்கோஸைக் குடித்தால், மாவுச்சத்தைக் கையாளும் பழக்கம் விட்டுப்போன உடம்பு திணறும். இரண்டு மணி நேர அளவு பொய்யாக உயர்ந்து, சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் இருப்பதுபோலக் காட்டும்.

முந்தின நாள் கடும் உடற்பயிற்சியும் வேண்டாம். ஜிம்மில் தசையை முறுக்கியவருக்கு எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதி உயரும், கல்லீரலில் கோளாறு என்று நினைக்கத் தோன்றும். மது குடித்தால் டிரைகிளிசரைடு ஏறும்.

4. முந்தின இரவுச் சாப்பாடு

வீட்டில் எப்போதும் செய்வது எதுவோ அது. கல்யாண வீட்டுப் பந்தியும் பிரியாணியும் அன்று வேண்டாம். "நாளைக்குப் பட்டினிதானே" என்று இரட்டிப்பாகச் சாப்பிடவும் வேண்டாம். சாப்பிடாமல் படுப்பதும் கூடாது. ஆரம்பத்தில் சொன்ன ஐயா செய்தது அதுதான். அவர் காதில் விழுந்தது "வெறும் வயிறு" என்ற சொல் மட்டும்.

5. தண்ணீர் குடியுங்கள்

வெறும் வயிறு என்றால் தண்ணீரும் கூடாது என்று யார் முதலில் சொன்னார்களோ தெரியாது, அந்தக் கதை ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது. சாதாரணத் தண்ணீர் எந்த எண்ணையும் கெடுக்காது. குடிக்காமல் இருப்பதுதான் கெடுக்கும்.

உடம்பில் நீர் குறைந்தால் ரத்தம் கெட்டிப்படுகிறது. ஹீமோகுளோபின், புரதம், அல்புமின், யூரியா எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கூடித் தெரியும். ரத்தசோகை உள்ள பெண்ணின் ஹீமோகுளோபின் இருப்பதைவிட நன்றாகக் காட்டும். இன்னொன்று எங்கள் பக்கத்துக் கஷ்டம்: நரம்பு கிடைக்காது. அமுங்கிப்போன நரம்பைத் தேடி, கட்டை இறுக்கி, "கையை மூடி மூடித் திறங்க" என்போம். இறுக்கிக் கட்டியபடி ஒரு நிமிடத்துக்கு மேல் போனாலும், கையை மூடித் திறந்தாலும், பொட்டாசியம் பொய்யாக உயரும். திணறி உறிஞ்சும் ரத்தத்தில் சிவப்பணு உடைந்தால் மறுபடியும் அதே கதை.

எழுந்ததும் ஒரு டம்ளர், கிளம்பும் முன் ஒரு டம்ளர் போதும். சிறுநீரகமோ இதயமோ பாதித்து, தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால் அந்த அளவுக்குள்.

தண்ணீர் என்றால் தண்ணீர் மட்டும். எலுமிச்சைச் சாறு, இளநீர், அருகம்புல் சாறு, கஷாயம், சர்க்கரை போடாத காபி எதுவும் கிடையாது. "டீ மட்டும்தான் குடிச்சேன், வேற ஒண்ணும் சாப்பிடல" என்பதை நான் கேட்காத நாளில்லை. பாலும் சர்க்கரையும் சேர்ந்த அந்த அரை டம்ளர் டீயோடு மணிக்கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடுகிறது. வெற்றிலை பாக்கு, புகையிலை, சிகரெட்டும் வேண்டாம். பல் துலக்கலாம்.

6. மாத்திரைகளை முன்கூட்டியே பிரித்து வையுங்கள்

நீண்ட பட்டினி ஆபத்தாக மாறும் இடம் இது. முந்தின நாளே மாத்திரை டப்பாவை எடுத்துப் பிரியுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், லேபில் கேட்காதீர்கள்.

சாப்பாட்டுக்கு முன் போடும் கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையையும் காலை நேர இன்சுலினையும் ரத்தம் கொடுக்கும் முன் வழக்கம்போலப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் வரிசையில் நிற்கக் கூடாது. சர்க்கரை கிடுகிடுவென இறங்கும். வேர்வை, நடுக்கம், படபடப்பு, கண் இருட்டல் என்று வந்து லேப் வாசலிலேயே சாய்ந்தவர்களைத் தாங்கிப் பிடித்திருக்கிறேன். மாத்திரையையும் டிபனையும் கையோடு கொண்டுவந்து, ரத்தம் கொடுத்த உடனே எடுத்துக்கொள்ளுங்கள். இரவு இன்சுலின் போடுகிறவர்கள் அன்று எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போல 'ஃப்ளோசின்' என்று முடியும் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் நீண்ட பட்டினி கிடப்பது தனி வகை ஆபத்து. சர்க்கரை பெரிதாக ஏறாமலே ரத்தம் கீட்டோனால் அமிலமாகிவிடலாம். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல் இருந்தால் குளுக்கோமீட்டரில் 180 என்று பார்த்து நிம்மதி அடையாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தைராய்டு மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுவது வழக்கம். விழுங்கிய சில மணி நேரம் ஹார்மோன் அளவு கூடித் தெரியும். முடிக்காகப் போடும் பயோட்டின் மாத்திரை தைராய்டு சோதனையையே குழப்பும். அதை இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தும்படி டாக்டர் சொல்லாவிட்டால் தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாம்.

7. லேபில் செய்ய வேண்டியது

போனதும் பத்து நிமிடம் உட்காருங்கள். பேர் கொடுக்கும்போதே, "நேற்று இரவு 9 மணிக்குச் சாப்பிட்டேன், இப்போது 7.30" என்று சொல்லி, அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதும் இடம் பல படிவங்களில் இருக்கிறது, நிரப்புவதுதான் இல்லை. பட்டினி நீண்டுவிட்டதா, மறைக்காதீர்கள். ஆங்கிலத்தில் ஃபாஸ்டிங் என்று ரிப்போர்ட்டில் ஒரே சொல்தான் விழும். அதற்குள் 8 மணி நேரமும் இருக்கலாம், 22 மணி நேரமும் இருக்கலாம். டாக்டருக்கு வேற்றுமை தெரிய வழியே இல்லை.

சர்க்கரைக்கான ரத்தம் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் போகிறதா என்று கவனியுங்கள். அதில் ஃப்ளோரைடு இருக்கும். வேறு குழாயில் பிரிக்காமல் வைத்திருந்தால் ரத்த அணுக்கள் மணிக்கு நூற்றில் ஐந்து முதல் ஏழு பங்கு வரை சர்க்கரையைத் தின்றுவிடும். பட்டினியால் ஏற்கெனவே இறங்கிய எண் இன்னும் இறங்கும்.

தலை சுற்றுகிறது என்றால் முன்னாலேயே சொல்லிப் படுத்துக்கொண்டு கொடுங்கள். நெடுநேரம் சாப்பிடாதவர்கள்தான் ஊசியைப் பார்த்ததும் அதிகம் மயங்குகிறார்கள்.

சாப்பிட்ட பிறகான டெஸ்டும் இருந்தால், முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம். கையலம்பிய நேரத்திலிருந்து அல்ல. பட்டினிக்குப் பழிவாங்குவதுபோல எதிர் ஓட்டலில் பொங்கல், வடை, பூரி என்று சாப்பிடாமல் வீட்டில் சாப்பிடும் அளவே சாப்பிடுங்கள். நீண்ட பட்டினிக்குப் பின் வரும் முதல் சாப்பாட்டுக்கு இன்சுலின் சோம்பலாகத்தான் எழும். அந்த எண் எப்படியும் கொஞ்சம் தூக்கித்தான் வரும்.

8. நேரம் தாண்டிவிட்டால் எந்த எண் எப்படி மாறும்

14 மணி நேரம் கடந்துவிட்டால் நான் பொதுவாகச் சொல்வது: சாப்பிட்டுவிட்டுப் போய் நாளை வாருங்கள். ஆனாலும் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டோடு நிற்பவர்களுக்காக இது.

*சர்க்கரை.* பெரும்பாலும் இறங்கும். 100 முதல் 125 வரை இருப்பது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 126உம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். இந்த எல்லையில் நிற்பவர் பட்டினியால் எல்லைக்குக் கீழே நழுவிவிடுவார். சிலருக்கு இது தலைகீழ். அதிகாலையில் சுரக்கும் ஹார்மோன்கள் கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியே தள்ள, காலை ஆகாரம் தள்ளிப்போகப் போக எண் ஏறிக்கொண்டே போகும். "ஒண்ணுமே சாப்பிடலயே, எப்படி ஏறுச்சு" என்று கேட்பவர்கள் இவர்கள்தான். ஆரோக்கியமானவர் ஒரு முழு நாளுக்கு மேல் பட்டினி கிடந்தால் 60களுக்குப் போவதும் உண்டு, பெண்களுக்கு இன்னும் எளிதாக.

*பிலிருபின்.* அதிகம் பேரைப் பயமுறுத்துவது இது. பட்டினியில் எல்லோருக்குமே கொஞ்சம் ஏறும். கில்பர்ட் என்ற பிறவித் தன்மை உள்ளவர்களுக்கு ஒன்றிரண்டு நாளில் இரண்டு மூன்று மடங்காகும். இது வியாதி அல்ல. பிலிருபினைக் கழிவாக மாற்றும் நொதி பிறவியிலேயே கொஞ்சம் மந்தமாக வேலை செய்கிறது, அவ்வளவுதான். நூறு பேரில் சிலருக்கு இருக்கும். பட்டினி, தூக்கக் கேடு, காய்ச்சல் வந்தால் மட்டும் தலைகாட்டும். காமாலையிலிருந்து பிரித்தறிய ரிப்போர்ட்டில் நான்கு வரிகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். மொத்த பிலிருபின் உயர்ந்து, நேரடி பிலிருபின் சரியாக இருந்து, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதிகள் இரண்டும் சரியாக இருந்தால் பட்டினியைச் சந்தேகிக்கலாம். எஸ்.ஜி.பி.டி. சேர்ந்து ஏறியிருந்தாலோ, சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனாலோ பட்டினி மீது பழி போடாமல் டாக்டரைப் பாருங்கள். சிவப்பணு சிதைவதாலும் இதே மாதிரி எண்கள் வரலாம் என்பதால் ஹீமோகுளோபினையும் ஒரு முறை பார்ப்பார்கள்.

*யூரிக் ஆசிட்.* சிறுநீரகத்தில் கீட்டோனும் யூரிக் ஆசிடும் ஒரே வாசல் வழியாக வெளியேறப் போட்டி போடுகின்றன. பட்டினியில் கீட்டோன் குவியும்போது யூரிக் ஆசிட் உள்ளேயே தங்கிவிடும். ஆண்களுக்கு 7 வரை சரி என்ற கணக்கில் 8ஐப் பார்த்ததும் மாத்திரை தொடங்க வேண்டாம். ஆனால் ஏற்கெனவே கவுட் என்ற மூட்டு வலி உள்ளவருக்கு நீண்ட பட்டினி வலியையே கிளப்பிவிடலாம்.

*கீட்டோன், கிரியாட்டினின்.* கீட்டோன் பிளஸ் என்றால் உடம்பு கொழுப்பை எரித்தது என்று பொருள். சர்க்கரை நோய் இல்லாதவருக்கு, பட்டினிக்குப் பின் இது எதிர்பார்த்ததுதான். ஜாஃபே என்ற முறையில் கிரியாட்டினின் பார்க்கும் லேப்களில் கீட்டோனையும் கிரியாட்டினின் என்று எண்ணிவிடும். தண்ணீரும் குடிக்காதிருந்தால் இன்னும் கூடும். 1.4 என்று வந்து சிறுநீரகம் போய்விட்டதோ என்று அழுதவர், நன்றாகச் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்து வந்தபோது 1.0.

*கொழுப்பு.* ஓர் இரவு கூடுதலானால் பெரிய மாற்றம் இல்லை. நாள் கணக்கில் பட்டினி என்றால் மொத்தக் கொழுப்பும் எல்.டி.எல்.லும் உயரலாம். வேகமாக எடை குறைத்துக்கொண்டிருப்பவர்களும் இப்படித்தான். எடை நிலைக்கு வந்தபின் பார்ப்பது நல்லது.

*தைராய்டு.* டி.எஸ்.ஹெச். இரவில் உச்சத்தில் இருந்து பகலில் இறங்கும். ஒரு முறை காலை ஏழுக்கும் அடுத்த முறை நண்பகலுக்கும் கொடுத்தால் மாத்திரை ஒன்றாக இருந்தாலும் எண் வேறாகும். இரண்டு மூன்று நாள் பட்டினியில் டி3 என்ற தைராய்டு ஹார்மோன் இறங்கும். உடம்பு செலவைச் சுருக்கிக்கொள்கிறது.

ஹெச்பிஏ1சி, பி12, வைட்டமின் டி போன்றவை ஒரு நாள் பட்டினிக்கு அசையாது. அவற்றை அப்படியே நம்பலாம்.

9. விரதமும் நோன்பும் இருக்கும்போது

"எப்படியும் ஏகாதசிக்குச் சாப்பிடல, அப்படியே டெஸ்டையும் எடுத்துடலாம்" என்று துவாதசி காலையில் வருவார்கள். வராதீர்கள். வைகுண்ட ஏகாதசிக்கும் சிவராத்திரிக்கும் பட்டினியோடு கண்விழிப்பும் சேர்கிறது. தூக்கம் கெட்டாலே காலைச் சர்க்கரை ஏறும். அகத்திக்கீரையும் நெல்லிக்காயுமாகப் பாரணையை முடித்துக்கொண்டு, இரண்டு மூன்று நாள் வழக்கமாகச் சாப்பிட்டபின் வாருங்கள். கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமுமாக இருந்தவர்கள் ஒரு வாரம் போகட்டும் என்று காத்திருப்பது நல்லது.

ரமலானில் அவசரமில்லாத மாஸ்டர் செக்கப்பை நோன்புக்கு முன்போ, பெருநாள் கழித்தோ வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு நடுவில் பார்த்தே ஆக வேண்டும் என்றால், சஹர் எனும் விடியற்காலைச் சாப்பாட்டை முடித்து 8 முதல் 10 மணி நேரத்தில், அதாவது பிற்பகல் இரண்டு மணி வாக்கில் கொடுக்கலாம். ஆனால் அது காலை ரத்தம் அல்ல, தண்ணீரும் குடித்திருக்க மாட்டீர்கள். "நோன்பு, சஹர் 4.45" என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். சர்க்கரை நோயாளிகள் நோன்பு நேரத்தில் விரலில் குத்திப் பார்ப்பதை விடக் கூடாது. 70க்குக் கீழே போனாலும் 300க்கு மேலே போனாலும் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்றே மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது.

தினம் 16 மணி நேரம் சாப்பிடாமல் இருக்கும் முறையைக் கடைப்பிடிப்பவர்கள், டெஸ்டுக்கு முந்தின இரவு மட்டும் சாப்பாட்டை ஒன்பது மணிக்குத் தள்ளிக்கொண்டால் போதும்.

பல நாள் பட்டினியை முடித்த மறுநாள் ரத்தம் கொடுப்பது எல்லாவற்றிலும் மோசம். உணவு உள்ளே போனதும் இன்சுலின் எழுந்து, ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியத்தை உயிரணுக்களுக்குள் இழுத்துக்கொள்ளும். உடல் மெலிந்தவர்களுக்கு இது எண் மாற்றத்தோடு நிற்காமல் இதயத்தையே பாதிக்கலாம். அவர்கள் பட்டினியை முடிப்பதே மருத்துவர் மேற்பார்வையில் நடக்க வேண்டும்.

10. மறுபடி எடுப்பது எப்படி

சந்தேகமான எண் வந்தால் மறுநாளே ஓட வேண்டாம். மூன்று முதல் ஏழு நாள் வழக்கமாகச் சாப்பிட்டு, தூங்கி, தண்ணீர் குடித்துவிட்டு, அதே லேபில், காலை அதே நேரத்துக்கு, 10 முதல் 12 மணி நேரக் கணக்கோடு கொடுங்கள். லேப் மாறினால் கருவி மாறும், முறை மாறும், எண்ணும் கொஞ்சம் மாறும். பட்டினியால் வந்த வேற்றுமையா கருவியால் வந்ததா என்று பிரிக்க முடியாது. எல்லா டெஸ்டையும் மறுபடி எடுக்கவும் தேவையில்லை. மாறிய இரண்டு மூன்றை மட்டும் எழுதித்தரச் சொல்லுங்கள், காசு மிச்சம்.

காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. பொட்டாசியம் மிக அதிகம், சர்க்கரை 54க்குக் கீழே, சர்க்கரை நோயாளிக்குக் கீட்டோனோடு வாந்தி: இவற்றை அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பழைய ரிப்போர்ட்டைக் கிழித்துப் போடாதீர்கள். இரண்டையும் சேர்த்துப் பின் அடித்து, மேலே பட்டினி மணியை எழுதி எடுத்துப் போங்கள். அந்த ஐயா இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருகிறார். ஃபைல் அட்டையில் பேனாவால் அவரே எழுதிக்கொண்டுவந்துவிடுகிறார்: இரவு 9, இட்லி நாலு. காலை 7.30. தண்ணி குடிச்சாச்சு.